டோர்ச் லைட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை

வாசகர் கேள்வி:

ஐயா, நாங்கள் அம்பாறை மாவட்டத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் சிறுபோகத்தில், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில், பக்கத்து வயற்காரர் என் அப்பாவை மண்வெட்டியால் தலையில் வெட்டினார். அப்பா பிழைத்துவிட்டார். இடது கை மட்டும் இன்னும் சரியாக எழும்பாது. கொலை முயற்சி என்று கல்முனை மேல் நீதிமன்றத்தில் வழக்கு. அப்பா சாட்சி சொல்லிவிட்டார், அடுத்து நான். டோர்ச் வெளிச்சத்தில் ஆளைக் கண்டேன் என்று சொன்னேன். "பொலிசில் டோர்ச் பற்றி ஒரு சொல் இல்லையே" என்று எதிரியின் சட்டத்தரணி இரண்டு மணித்தியாலம் வாட்டி, கடைசியில் நான் பொய் சொல்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். எங்கள் பக்கத்து அரச சட்டவாதி எங்களோடு கதைத்ததே காலையில் பத்து நிமிடம். நான் அழும்போதும் பேசாமல் இருந்தார். கடைசியில் உதவாத இரண்டு கேள்வி கேட்டார். நீதிபதியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பொலிசில் அவர் "நான்தான் வெட்டினன்" என்று ஒப்புக்கொண்டாராம், அதைக் கோர்ட்டில் யாரும் எடுக்கவே இல்லை. வழக்கு என்னால் தோற்றுவிடுமா? அடுத்த தவணை தம்பி சாட்சி. அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்க? நாங்கள் காசு கட்டி வேறு சட்டத்தரணி வைக்கலாமா? அந்த டோர்ச் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டட்டுமா?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதம் வந்த கிழமையே ஒரு வரி பதில் அனுப்பினேன்: தம்பிக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள், கோர்ட்டில் உங்களிடம் கேட்டதைக்கூட அவரிடம் கதைக்காதீர்கள். "இதுக்கா ஐயா உங்களுக்கு எழுதினன்" என்று நீங்கள் கோபத்தோடு திருப்பி எழுதியதையும் வாசித்தேன். தம்பியின் சாட்சியம் இப்போது முடிந்துவிட்டதால் ஆறுதலாக எழுதுகிறேன். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆகவே ஊரையும், ஆட்களை அடையாளம் காட்டும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். யார் வெல்வார் என்று சொல்லப்போவதும் இல்லை.

முதலில் தம்பி விசயம். இன்னும் சாட்சி சொல்லாத ஆளைக் கோர்ட்டுக்கு வெளியே இருக்கச் சொல்வது சும்மா இல்லை. நீங்கள் கூண்டில் கேட்டதையெல்லாம் வீட்டில் வந்து தம்பிக்குச் சொல்லியிருந்தால், குறுக்கு விசாரணையில் அவரிடம் வரக்கூடிய முதல் கேள்வி: "அக்காவோடு இதைப் பற்றிக் கதைத்தீர்களா?" ஓம் என்றால் இரண்டு பேருடைய சாட்சியமும் ஆட்டம் காணும். இல்லை என்றால் சத்தியம் செய்துவிட்டுப் பொய். நானும் எதிரிகளுக்காக நிறைய வழக்குப் பேசியவன். அக்காவும் தம்பியும் ஒரே வசனத்தை ஒரே ஒழுங்கில் சொன்னால் அன்றைக்கு எனக்குப் பாதி வேலை மிச்சம். ஒருவர் ஆறு மணி என்றும் மற்றவர் மஃரிப் பாங்கு சொன்ன பிறகு என்றும் சொன்னால்தான் எனக்குக் கஷ்டம், ஏனென்றால் அது இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டது.

இனி உங்கள் மனக்குறைக்கு வருவோம். "எங்கள் பக்கத்து அரச சட்டவாதி" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்கள் சட்டத்தரணி இல்லை. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை சட்டமா அதிபரின் பெயரில் போகிறது. வழக்கு அரசுக்கும் எதிரிக்கும் இடையில். கோபத்தில் நம் சனம் "எதிரி" என்பதைப் பகையாளி என்று எடுத்துக்கொள்கிறது, கோர்ட்டில் அதற்குக் குற்றம் சாட்டப்பட்டவர் என்றுதான் பொருள். நீங்களும் அப்பாவும் அந்த வழக்கில் சாட்சிகள்.

அந்த அரச சட்டவாதி உங்கள் வயலைக் கண்டதில்லை. அவர் கையில் இருப்பது ஒரு கோவை. அவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பில் நீதிபதி எதை எழுத வேண்டும்? தண்டனைச் சட்டக்கோவையின் 300ஆம் பிரிவு, கொலை முயற்சி. அதை எழுத வேண்டுமென்றால் வெட்டியவர் இந்த ஆள்தான் என்பதும், வெட்டும்போது அவர் மனதில் என்ன இருந்தது என்பதும் நிரூபணமாக வேண்டும். முதலாவதற்கு அப்பாவும் நீங்களும் தம்பியும் இருக்கிறீர்கள். இரண்டாவதற்குச் சாட்சி யார்? மனதுக்குள் என்ன இருந்தது என்பதைக் கண்டவர் யாரும் இல்லை. ஆயுதம் எது, உடம்பில் எந்த இடம், எத்தனை வெட்டு, வெட்டும்போது என்ன சொன்னார், விழுந்த பிறகும் வெட்டினாரா என்று சின்னச் சின்னதாகச் சேர்த்துத்தான் அதைக் கட்ட முடியும். இதில் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை உங்கள் கண்ணீரைவிடப் பாரமானது. காயம் எவ்வளவு ஆழம், எலும்பு உடைந்ததா, வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிர் போயிருக்குமா என்பதை வைத்துத்தான் இது 300ஆம் பிரிவா, அல்லது ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்த 317ஆம் பிரிவா என்று வாதம் நடக்கும்.

ஆகவே உங்களிடமிருந்து அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சின்னத் துண்டு: ஆள் யார், எப்படித் தெரியும். அதற்குப் பத்து நிமிடம் போதும் என்று நான் வாதாடவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கோவையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒருவரால் சாட்சியை மனிசராகப் பார்க்க முடியாமல் போகிறது, அது பெரிய குறைதான். ஆனால் கூடுதலாகக் கதைத்து உங்களுக்குப் பதில் சொல்லிக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. கூண்டில் ஏறிய பிறகும் "உங்கள் கையில் டோர்ச் இருந்ததுதானே?" என்று பதிலை உள்ளே வைத்துக் கேட்க அவருக்கு அனுமதி இல்லை. எதிர்ப்பக்கத்துக்கு அது உண்டு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதுவும் 1872இல் இந்தியாவுக்கு வெள்ளைக்காரர் எழுதிய சட்டத்தை மாதிரியாக வைத்து வந்தது.

எதிரியின் சட்டத்தரணிக்கு வேலை வேறு. அரச சட்டவாதி பந்தல் போட வேண்டும், இவருக்கு அதில் ஒரு கால் ஆடினால் போதும். எதிரி தன் குற்றமின்மையை நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கும் பாரம் முழுக்க வழக்குத் தொடுநர் தலையில். இங்கிலாந்தில் 1935இல் வூல்மிங்டன் வழக்கில் அழுத்திச் சொல்லப்பட்ட விதி அது, நம் கோர்ட்டுகளிலும் அதுதான் நடைமுறை.

கடிதத்தின் பின்பக்கத்தில் எதிரியின் சட்டத்தரணி கேட்டவற்றை ஞாபகத்தில் வந்தபடி எழுதி அனுப்பியிருந்தீர்கள். நல்ல வேலை செய்தீர்கள். "முதல் அரை மணித்தியாலம் நல்ல மாதிரித்தான் கேட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நல்ல கேள்விகளைப் பாருங்கள்.

"அவர்களை எத்தனை வருசமாத் தெரியும்?" "சின்ன வயசில இருந்து."

"வாய்க்கால் கதவைத் திறந்தது யார்?" "அப்பா."

"வட்டவிதானைக்கு (வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்ப்பவர்) சொல்லிவிட்டா திறந்தார்?" "தெரியாது."

"அப்பாவின் கையிலும் மண்வெட்டி இருந்ததா?" "ஓம், தண்ணி கட்டப் போனவர்தானே."

அந்த நாலாவது பதிலில்தான் அவர் பேனையால் கோடு போட்டிருப்பார். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தண்ணீர் முறையை மீறியவர் அப்பா, கையில் மண்வெட்டி, முதலில் ஓங்கியவரும் அவராக இருக்கலாம் என்று ஒரு கதைக்கு நீங்கள் அறியாமலே மூன்று கல் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அது உங்கள் பிழை இல்லை. உண்மையைத்தான் சொன்னீர்கள், மறைத்திருந்தால் பிறகு வட்டவிதானை வந்து சொல்லும்போது மோசமாகியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் டோர்ச். இருட்டு, அமாவாசைக்குக் கிட்டின நாள், வரம்பில் இருபது முப்பது யார் தூரம், ஆளை எப்படிக் கண்டீர்கள் என்று அடுக்கிக்கொண்டு போயிருக்கிறார். இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? ஆளே தெரியாத இருட்டு என்பது ஒரு கதை. என் கட்சிக்காரர் தன்னைக் காத்துக்கொண்டார் என்பது இன்னொரு கதை. அங்கே இல்லாதவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. குறுக்கு விசாரணையில் இரண்டு கயிற்றையும் இழுத்துப் பார்க்கலாம், எது வருகிறதோ வரட்டும் என்று. தொகுப்புரையில் அவர் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டிவரும். அரச சட்டவாதியும் அதற்காகக் காத்திருப்பார்.

முதல் பதிலும் சும்மா போகவில்லை. முன்பின் தெரியாத ஆளை ஒரு நொடி காண்பதும், சின்ன வயதிலிருந்து தெரிந்தவரைக் காண்பதும் ஒன்றில்லை. 1976இல் இங்கிலாந்தில் டேர்ன்புல் வழக்கு இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது, தெரிந்தவர் விசயத்திலும் பிழை நடக்கலாம் என்ற எச்சரிக்கையோடு. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் படித்தேன். தொழில் தொடங்கிய காலம், ஒரு கொள்ளை வழக்கில் எதிரிக்காக நிற்கிறேன். சாட்சி வயல் வாடியில் காவலுக்குப் படுத்த ஒரு முதியவர். நிலவா? இல்லை. விளக்கா? அணைச்சிட்டன். முகம் தெரிந்ததா? இல்லை. அதோடு நான் இருந்திருக்க வேண்டும். இளந்தாரி வயது, விடுவேனா? "அப்ப எப்பிடி ஆளைத் தெரியும்?" என்று கேட்டேன். கிழவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இருமினான் ஐயா. பத்து வருசம் என்ட வாடியில படுத்தவன். அவன்ட இருமல் எனக்குத் தெரியாதா?" கூண்டில் நின்ற என் கட்சிக்காரர் அந்த நேரம் பார்த்து இருமாமல் விட்டதுதான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம்.

சரி, டோர்ச். பொலிசில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கோர்ட்டில் வேறொன்றைச் சொல்வது முரண்பாடு. பொலிசில் சொல்லாத ஒன்றைக் கோர்ட்டில் சொல்வது விடுபட்டது. உங்களுடையது இரண்டாவது. பொலிஸ் தகவல் புத்தகத்தில் அது இல்லை என்று சட்டத்தரணி சொல்ல, நீதிபதி அந்தப் பக்கத்தைத் தானே பார்த்து உறுதிப்படுத்துவார். அவ்வளவுதான் நடந்தது. அது பொய் என்று அங்கே யாரும் தீர்மானிக்கவில்லை. விடுபட்டது எவ்வளவு பெரியது, ஏன் விடுபட்டது என்பது கடைசியில் எடை போடப்படும். சாட்சியின் மூளை வீடியோ நாடா இல்லை, சின்னப் பிசகுகளுக்காகச் சாட்சியத்தைத் தூக்கி எறியக்கூடாது என்ற கருத்தை 1983இல் இந்திய உச்ச நீதிமன்றம் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சொன்னது. நம் நீதிமன்றங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

இப்போது அரச சட்டவாதியின் "உதவாத இரண்டு கேள்வி". நீங்கள் எழுதியதையே இங்கே தருகிறேன்.

"வாக்குமூலம் எடுக்கும்போது எங்கே இருந்தீர்கள்?" "ஆஸ்பத்திரி வாசல்ல. அப்பாவ உள்ள கொண்டு போயிட்டாங்க."

"டோர்ச்சைப் பற்றிப் பொலிஸ் உங்களிடம் கேட்டார்களா?" "இல்ல. யாரும் கேக்கல்ல."

தங்கச்சி, இரண்டு மணித்தியாலம் குழி தோண்டியவரின் குழியில் அந்த மனிசர் இரண்டு மண்வெட்டி மண்ணைப் போட்டுவிட்டு இருந்திருக்கிறார். ஏன் விடுபட்டது என்ற கேள்விக்குப் பதில் இப்போது வழக்கேட்டில், உங்கள் வாயால், சத்தியத்தின் மேல் பதிவாகியிருக்கிறது. மீள் விசாரணை என்பது குறுக்கு விசாரணையில் குழம்பியதைத் தெளிவுபடுத்த மட்டும்தான். மூன்றாவது கேள்வி கேட்டிருந்தால் கெட்டிருக்கும். உதாரணத்துக்கு "டோர்ச் எவ்வளவு வெளிச்சம்?" என்று கேட்டு, நீங்கள் "பற்றரி இறங்கித்தான் இருந்தது" என்று சொல்லியிருந்தால்? இடையிடையே அவர் எழும்பி ஆட்சேபிக்காததும் அதே கணக்குத்தான். தொட்டதற்கெல்லாம் பாய்ந்தால், சாட்சி தானாக நிற்கமாட்டார் போலிருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றும். அவமதிக்கவென்றே கேட்கும் கேள்வியைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. இறுக்கிக் கேட்பது அந்தக் கணக்கில் வராது.

"நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்கிறேன்" என்றாரே எதிரியின் சட்டத்தரணி, அது உங்களுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சாட்சி சொன்னதை மறுக்கிற தரப்பு அந்தச் சாட்சியிடமே அதைக் கேட்டுவிட வேண்டும், கேட்காமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாக எடுக்கலாம். 1893இலிருந்து இருக்கும் ஆங்கில விதி. கறுப்புக் கோட்டோடு ஒட்டிய வசனம் அது. மத்தியானம் கன்ரீனில் அவரே உங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தால் "எப்பிடி அப்பாவுக்குச் சுகம்?" என்று கேட்டிருப்பார்.

நீதிபதி ஏன் பேசவில்லை? பாரிசில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பிரான்சில் பெரிய குற்றங்களை விசாரணை நீதிபதி ஒருவரே தேடி விசாரிப்பார், சாட்சிகளை அழைப்பார். நம்முடைய முறையில் நீதிபதி தேடிப்போவதில்லை. இரண்டு பக்கமும் கொண்டுவந்து வைப்பதை வைத்துத்தான் முடிவு. அவருக்கும் கேள்வி கேட்க அதிகாரம் உண்டு, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 165ஆம் பிரிவு. ஆனால் அதிகம் கேட்டால் அவரே ஒரு பக்கத்துக்கு வழக்குப் பேசினார் என்று மேன்முறையீட்டில் வரும். பேசாமல் எழுதுகிற நீதிபதியைக் கண்டு பயப்படாதீர்கள். எழுதாத நீதிபதியைக் கண்டால் யோசிக்கலாம்.

ஒப்புதல் வாக்குமூலம். பொலிஸ் அலுவலரிடம் சொன்ன ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பாவிக்க முடியாது, அதே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அதைக் கோர்ட்டில் சொல்ல அரச சட்டவாதி முயன்றிருந்தால் அவருக்குத்தான் ஏச்சு விழுந்திருக்கும். ஒரு சின்ன வாசல் மட்டும் உண்டு: அவர் சொன்னதை வைத்துப் பொலிஸ் மண்வெட்டியைக் கண்டெடுத்திருந்தால், அந்தக் கண்டெடுப்போடு சம்பந்தப்பட்ட துண்டை மட்டும் 27ஆம் பிரிவின் கீழ் சான்றாக்கலாம். "இது அநியாயம்" என்று நீங்கள் நினைப்பீர்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக்க வழி திறந்துவிட்டார்கள். அந்தக் கதவு திறந்திருந்தால் என்ன நடக்கும் என்று மட்டக்களப்பு, அம்பாறைச் சனத்துக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த 25ஆம் பிரிவு இன்று உங்களுக்கு எதிராக நிற்கிறது. எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனதும் இதே பாதுகாப்புத்தான்.

இனி நடக்கப்போவது. வைத்தியர், பொலிஸ் அலுவலர்கள் சாட்சி சொன்ன பிறகு வழக்குத் தொடுநர் தரப்பு முடியும். அந்த இடத்திலேயே போதிய சான்று இல்லை என்று நீதிபதி கருதினால் விடுதலை செய்யலாம். இல்லாவிட்டால் எதிரியின் எதிர்வாதம் கேட்கப்படும். அவர் மௌனமாக இருக்கலாம், சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம், அல்லது கூண்டில் நின்றபடியே சத்தியமில்லாமல் ஒரு கூற்றுச் சொல்லலாம். அந்தக் கூற்றின் மேல் யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அவர் அப்பாவைப் பற்றி என்ன சொன்னாலும் அரச சட்டவாதி எழும்பமாட்டார். "அவனை மட்டும் ஏன் கேக்கல்ல" என்று அன்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதவேண்டாம். குறுக்கு விசாரணைக்கு உட்படாத பேச்சு என்ற குறையோடுதான் அது எடைக்குப் போகும்.

காசு கட்டிச் சட்டத்தரணி வைக்கலாமா என்றால், வைக்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட தரப்புக்கும் சட்டத்தரணி வைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அவர் வழக்கைக் கையில் எடுக்க முடியாது. நடத்துபவர் அரச சட்டவாதிதான். உங்களுடையவர் தவணைக்குத் தவணை பார்த்து, வைத்திய அறிக்கை வந்ததா, வட்டவிதானை சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா என்று கவனித்து அவருக்குச் சொல்லலாம். அதற்காக வயலை ஈடு வைக்கவேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவிடம் முதலில் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்காக இருக்கும் நிறுவனம் அது. "சமாதானமாப் போவம், சாட்சிய மாத்திச் சொல்லுங்க" என்று யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலில் வைத்தே பேச்சை முடித்துவிட்டு உடனே முறைப்பாடு செய்யுங்கள். சாட்சிகளை மிரட்டுவது 2023இன் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனிக்குற்றம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். பொலிசில் வாக்குமூலம் கொடுத்தால் தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அன்று பதட்டத்தில் விட்டுப்போனது இரண்டு நாளில் ஞாபகம் வந்தால் திரும்பப் போய் மேலதிக வாக்குமூலம் கொடுங்கள். டோர்ச் என்ற ஒரு சொல் அன்றிரவு அந்தப் புத்தகத்தில் ஏறியிருந்தால் இந்த இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடமாகியிருக்கும்.

அந்த டோர்ச்சைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாதீர்கள். மூன்று வருடம் கழித்து வீட்டிலிருந்து வரும் பொருளைப் பார்த்து எதிர்ப்பக்கம் சிரிக்கும், அதற்குப் பதிலும் இருக்காது. அது இருக்கிறது என்பதை மட்டும் அரச சட்டவாதியிடம் சொல்லிவையுங்கள். தேவையா இல்லையா என்று அவர் பார்த்துக்கொள்வார். அதுவரை புதுப் பற்றரி போடவேண்டாம், இருந்தபடியே அலுமாரியில் இருக்கட்டும்.